பூ மணம், நல்லெண்ணெய், கைப்பக்குவம்

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் வெயில் ஏறுவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். வத்தலக்குண்டு, செம்பட்டி, ஆத்தூர் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன்பே பறித்த மல்லிகை மொட்டுகள் பை பையாக வந்து கமிஷன் கடைத் தராசில் ஏறும். விரல் நுனி அளவு மொட்டு. வெள்ளையில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். தொட்டால் ஈரம் ஒட்டும். அதில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பவருக்கு வியப்பு காத்திருக்கிறது. கிடைப்பது பெரும்பாலும் பச்சை வாசம்தான். எந்த மணத்துக்காக இத்தனை பேர் கூவி விலை பேசுகிறார்களோ, அந்த மணம் இன்னும் உருவாகவே இல்லை. அது அன்று இரவுதான் பிறக்கும்.

இந்த மணத்தைச் சுற்றி இன்று உலகம் முழுக்க ஒரு தொழில் நடக்கிறது. நறுமண எண்ணெயைத் தடவி உடம்பைப் பிடித்துவிட்டால் மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும், வலி போகும், நோய் எதிர்ப்பாற்றல் கூடும் என்று குப்பிகளின் மேல் அச்சிட்டு விற்கிறார்கள். இதில் எது உண்மை, எது மிகை? இந்தக் கேள்விக்கு விடை தேட திண்டுக்கல் சமவெளியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பூ இங்கே விளைகிறது. அதிலிருந்து மணத்தைப் பிரிக்கும் ஆலைகள் இங்கே இருக்கின்றன. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இங்கே வீட்டு வழக்கம். தைலம் காய்ச்சுவதும் தேய்த்துவிடுவதும் தெரிந்த சித்த வைத்தியமும் பக்கத்திலேயே இருக்கிறது.

இரவில் நடக்கும் வேலை

மண எண்ணெய் என்றாலே இலையிலோ பூவிலோ தேங்கிக் கிடப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொடைக்கானல் மலையில் தைலம் காய்ச்சும் யூகலிப்டஸ் இலையில் அப்படித்தான் இருக்கிறது. இலைக்குள் சின்னச் சின்னப் பைகளில் எண்ணெய் சேர்ந்திருக்கும். கசக்கினால் உடனே மணக்கும், காய்ந்த பிறகும் மணக்கும். எலுமிச்சம்புல்லும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

மல்லிகை சேமிப்பு வைப்பதில்லை. மொட்டு அவிழும் நேரத்தில் இதழின் மேல்தோலில் உள்ள செல்கள் மண மூலக்கூறுகளைத் தயாரிக்கத் தொடங்கி, தயாரித்த கையோடு காற்றில் விட்டுவிடும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை ஈர்ப்பதற்காகப் பரிணாமம் வகுத்த ஏற்பாடு இது. அதனால்தான் அந்தி சாய்ந்த பின் மணம் ஏறுகிறது. செடியிலிருந்து பறித்தாலும் இந்த வேலை நிற்காது. காலையில் பறித்த மொட்டு மாலையில் கூந்தலில் மலர்ந்து மணப்பதன் காரணம் இதுவே. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கோட்டை வட்டாரத்துப் பூவும் அந்தப் பெயரில்தான் போகிறது. இதழின் தடிமனும் நேரம் கழித்து மலர்வதும் இந்த ரகத்தின் பெருமைகள். அந்த இரண்டும்தான் தூரத்துச் சந்தைக்கு இதை அனுப்பி வைக்க உதவுகின்றன.

அந்த இரவு மணத்தை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைக்கும். பழ வாசம் தரும் பென்சைல் அசிடேட், லேசான இனிப்போடு மணக்கும் லினலூல், பச்சை ஆப்பிளை நினைவூட்டும் பார்னசீன், திராட்சை வாசம் தரும் மெத்தில் ஆந்த்ரனிலேட் ஆகியவை முக்கியமானவை. இவற்றோடு இண்டோல் என்ற ஒரு பொருளும் கொஞ்சம் உண்டு. இண்டோலைத் தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் அழுகல் நாற்றம். ஆனால் துளியூண்டு சேரும்போது அதுதான் மல்லிகைக்கு உயிரோட்டத்தைக் கொடுக்கிறது. இண்டோல் இல்லாத மல்லிகை வாசம் சோப்பு வாசமாகவே நின்றுவிடும்.

சென்ட் பேக்டரிக்குள்

கார்த்திகையில் செடியைக் கவாத்து செய்வார்கள். பனிக்காலத்தில் வரத்து சுருங்கும். தை முகூர்த்தங்கள் வரும்போது கிலோ விலை ஆயிரங்களில் ஏறி நிற்கும். சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். செடி கொள்ளாமல் பூக்கும், வரத்து குவியும், சில நூறு ரூபாய்க்கும் கீழே விலை இறங்கும். நிலக்கோட்டை மார்க்கெட்டிலும் திண்டுக்கல் அண்ணா பூ மார்க்கெட்டிலும் அந்த நாட்களில் விவசாயிகள் வாயில் அடிபடும் பெயர் 'சென்ட் பேக்டரி'. கட்டுவதற்கும் மாலைக்கும் போக மிஞ்சும் பூ அங்கேதான் போகும்.

பூக்கடைக்கு அவிழாத மொட்டு வேண்டும். ஆலைக்கு அவிழ்ந்த பூ வேண்டும். ஆகவே வந்திறங்கும் மொட்டுகளைக் கொட்டாரத் தரையில் மெல்லிய படுக்கையாகப் பரப்பி மாலை வரை காத்திருப்பார்கள். குவித்து வைத்தால் சூடேறிப் பழுத்துவிடும்; அதனால் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக இதழ் விரியும். மணம் உச்சிக்கு வந்ததும் பூக்களைத் துளையிட்ட தட்டுகளில் அடுக்கி, இரும்புக் கலனுக்குள் இறக்கி மூடிவிடுவார்கள்.

இங்கே ஒரு வேதியியல் சிக்கல் குறுக்கிடுகிறது. யூகலிப்டஸ் தைலம் எடுப்பது எளிது: இட்லிப் பானையில் ஆவி ஏறுவது மாதிரி இலைகளின் ஊடே நீராவியை ஏற்றினால், ஆவியோடு எண்ணெயும் கிளம்பி வரும், குளிரவைத்தால் எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும். மல்லிகைக்கு இந்தச் சூடு ஆகாது. நீராவியில் மென்மையான கூறுகள் சிதையும். கிடைக்கும் எண்ணெயும் சொற்பம். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பூக்களின் மேல் பாய்ச்சுகிறார்கள். அது மணத்தோடு இதழின் மெழுகையும் நிறத்தையும் கரைத்து இழுத்துக்கொள்ளும். பிறகு குறைந்த அழுத்தத்தில் ஹெக்சேனை ஆவியாக்கி மீட்டுவிட்டால் அடியில் பழுப்பு மஞ்சளாக ஒரு மெழுகுக் கட்டி மிஞ்சும். தொழிலில் அதன் பெயர் 'கான்க்ரீட்'. அதைச் சாராயத்தில் கரைத்து, நன்றாகக் குளிரவைத்து, உறைந்த மெழுகை வடிகட்டி, சாராயத்தையும் நீக்கினால் கிடைப்பது 'அப்சல்யூட்'. உலகச் சந்தையில் மல்லிகை எண்ணெய் என்று விலை பேசப்படுவது இதைத்தான்.

கணக்கைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஆயிரம் கிலோ குண்டுமல்லியிலிருந்து ஒன்றிரண்டு கிலோ கான்க்ரீட்தான் தேறும். ஜாதிமல்லி என்றால் மூன்று கிலோவை நெருங்கலாம். அதிலும் ஏறக்குறைய பாதிதான் அப்சல்யூட் ஆகும். கிலோ 200 ரூபாய்க்குப் பூ வாங்கியதாகவும், ஆயிரம் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ கான்க்ரீட் தேறியதாகவும் வைத்துக்கொள்வோம். 2 லட்ச ரூபாய்ப் பூவுக்கு முக்கால் கிலோ அப்சல்யூட். பத்து மில்லி குப்பி ஒன்றுக்குப் பூ விலை மட்டுமே 2,500 ரூபாயைத் தொடும். ஆலைச் செலவு, கூலி, லாபம் எதுவும் இதில் சேரவில்லை. ஆக, 150 ரூபாய்க்கு 'சுத்தமான மல்லிகை எண்ணெய்' என்று கடையில் தொங்கும் குப்பியில் இருப்பது ஆலையில் செயற்கையாகச் செய்த பென்சைல் அசிடேட்டும் அதன் கூட்டாளிகளுமாகத்தான் இருக்க முடியும். மணத்துக்கு அது போதும். அதன் மேல் எழுதியிருக்கும் மருத்துவக் குணங்களுக்கு அந்தக் குப்பி பொறுப்பேற்க முடியாது.

ஹெக்சேன் வருவதற்கு முன்பே மணத்தைப் பிடிக்க ஒரு வழி தெரிந்திருந்தது. கொழுப்பும் எண்ணெயும் மணத்தை உறிஞ்சும். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர், காஜிப்பூர் பகுதிகளில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி வைப்பார்கள். வாடிய பூவை நீக்கிப் புதுப் பூவைப் பரப்பி, எள் முழுக்க மணம் ஏறிய பின் செக்கில் ஆட்டுவார்கள். பிரான்சின் கிராஸ் நகரத்தில் எள்ளுக்குப் பதில் கண்ணாடிப் பலகையில் தடவிய விலங்குக் கொழுப்பு. பறித்த பின்னும் மல்லிகை மணத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும் என்ற அதே உண்மையின் மேல்தான் இரண்டு முறைகளும் நின்றன.

மூக்கு வழியே

நறுமண சிகிச்சை என்ற துறைக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே. 1910-ல் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் அவருடைய கைகள் வெந்துபோயின. ஆறாமல் புரையோடிய புண்ணுக்கு லாவெண்டர் எண்ணெய் உதவியதாக எழுதிய அவர், 1937-ல் வெளியிட்ட நூலுக்கு 'அரோமாதெரபி' என்றே தலைப்பிட்டார். கிருமிக்கு எதிரான மருந்தாகத்தான் அவர் இந்த எண்ணெய்களைப் பார்த்தார். மனத்துக்கு இதமளிக்கும் சிகிச்சை என்ற இன்றைய உருவம் பின்னால் வந்தது.

மணம் மனத்தைத் தொடுவது எப்படி என்பதற்கான அடிப்படை விடை 1991-ல் கிடைத்தது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வாசனை ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றிலிருந்து கிளம்பும் செய்தி, கண்ணிலும் காதிலும் இருந்து வரும் செய்திகளைப் போலத் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் முதலில் நிற்பதில்லை. உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. கல்யாண வீட்டு வாசலில் மல்லிகை வாசம் அடித்ததும் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு முகூர்த்தம் மனத்தில் விரிவதற்கு இந்தக் குறுக்குப் பாதை ஒரு காரணம்.

அப்படியென்றால் மல்லிகை மணம் மனத்தை அமைதிப்படுத்துமா? ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வு ஆம் என்றது. குண்டுமல்லி இனத்துப் பூவால் மணமேற்றப்படும் மல்லிகைத் தேநீரின் வாசத்தை 24 பேருக்கு முகரக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரின் மூக்கும் உணரக்கூடிய மிகக் குறைந்த அளவுதான் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிந்தது. அதற்குக் காரணமான கூறுகளில் ஒன்று லினலூல் என்றும் காட்டினார்கள். அதிலும் ஒரு நுட்பம். லினலூலுக்கு இடக்கை வலக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. அமைதியைத் தந்தது அதில் ஒரு வடிவம் மட்டுமே. லாவெண்டரில் இருப்பதும் அதுதான். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் உள்ள கொத்தமல்லி விதையின் எண்ணெயிலும் பெரும்பகுதி லினலூல்தான், ஆனால் அது முக்கியமாக மற்ற வடிவம். வாய்பாடு ஒன்றே என்றாலும் உடலுக்கு இரண்டும் ஒன்றல்ல.

தாய்லாந்தில் 2010-ல் வெளியான இன்னோர் ஆய்வின் முடிவு எதிர்த்திசையில் இருந்தது. ஆரோக்கியமான 40 பேரில் ஒரு பகுதியினருக்கு மல்லிகை எண்ணெய் கலந்தும், மற்றவர்களுக்கு மணமில்லாத எண்ணெயாலும் தேய்த்துவிட்டார்கள். மல்லிகைக் குழுவில் மூச்சின் வேகமும் ரத்த அழுத்தமும் சற்று ஏறின. விழிப்பும் சுறுசுறுப்பும் கூடியதாக அவர்கள் சொன்னார்கள்; தளர்வு குறைந்ததாகவும் சொன்னார்கள். மல்லிகைத் தைலம் என்றால் தூக்கம் என்று விற்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆய்வு இது. மெல்லிய மணத்துக்கு உடல் ஒரு மாதிரி நடந்துகொள்கிறது. தோலில் தேய்த்த அடர்ந்த மணத்துக்கு வேறு மாதிரி. மருந்தில் அளவு எவ்வளவு முக்கியமோ, மணத்திலும் அவ்வளவு முக்கியம்.

அதே 2010-ல் 'மல்லிகை வாசம் தூக்க மாத்திரைக்கு நிகர்' என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழக ஆய்வு அது. அங்கே சோதித்தவை ஆலையில் உருவாக்கிய வாசனை மூலக்கூறுகள். சோதனை நடந்தது செல்களிலும் எலிகளிலும். அந்த ஆய்வு மதிப்புள்ளது. நிலக்கோட்டை மல்லிகைக்கு அதை நற்சான்றாக ஒட்டுவது சரியாகாது.

வேலூரில் ஒரு சோதனை

மல்லிகைக்கு மருத்துவ ஆய்வில் கிடைத்த மிக வலுவான ஆதரவு தமிழ்நாட்டிலிருந்தே வந்தது, அதுவும் ஒரு பாட்டி வைத்தியத்தைச் சோதித்ததில். குழந்தை இறந்தே பிறந்தாலோ, பிறந்து தவறிவிட்டாலோ தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். அந்த வேதனையைத் தணிக்க மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது நம் ஊர்ப்புற வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை முறையாகச் சோதித்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பெண்களுக்குப் பூச்சரம். மற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் பால் வற்றுவதற்காகக் கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின் மாத்திரை.

பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரண்டு குழுவிலுமே குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அதிகமாகக் குறைந்தது. ஆனால் மார்பு கட்டிக்கொள்வது, பால் சுரக்கும் அளவு, வலி மாத்திரையின் தேவை ஆகியவற்றைப் பார்த்தபோது பூவும் மாத்திரையும் சமமாக நின்றன. மாத்திரையை நிறுத்திய சிலருக்குப் பால் மறுபடி ஊறியது. செலவு தாங்காத இடத்திலும் மருந்து கிடைக்காத இடத்திலும் மல்லிகையைப் பயன்படுத்தலாம் என்று அந்த மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். புரோமோகிரிப்டினின் பக்கவிளைவுகளைக் கருதி இன்று பல நாடுகளில் அதை இந்தத் தேவைக்கு வழக்கமாகக் கொடுப்பதில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சிறிய ஆய்வின் எடை கூடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பயன்பட்டது அப்சல்யூட் குப்பி அல்ல; முழம் போட்டுக் கட்டிய பூ. ஆராய்ந்தது ஊருக்குத் தெரிந்த ஒரு குறிப்பிட்ட பயனை. பழக்கத்தில் உள்ளதை எடுத்து, ஒப்பிட்டு, அளந்து பார்த்ததால்தான் அதற்கு மதிப்பு வந்தது.

கை செய்யும் வேலை

நறுமண எண்ணெயை உடம்பில் தேய்க்கும் முறையை நவீனமாக வகுத்தவர் மார்கரீத் மோரி. ஆஸ்திரியாவில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய அவர், நறுமண எண்ணெயை வேறோர் எண்ணெயில் கரைத்து ஆளுக்கேற்பக் கலந்து தேய்த்துவிடும் வழக்கத்தை 20-ம் நூற்றாண்டின் நடுவில் பரப்பினார். சித்த மருத்துவத்தில் இதற்கு இணையாகத் தொக்கணம் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுகளில் தைலமும் தொக்கணமும் இன்றும் சிகிச்சையின் பகுதிகள்.

தேய்க்கும்போது மணம் தோல் வழியே உள்ளே போகிறதா? 1992-ல் வியன்னா ஆய்வாளர்கள் ஒருவருடைய வயிற்றில் லாவெண்டர் கலந்த எண்ணெயைப் பத்து நிமிடம் தேய்த்துவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். ஐந்தே நிமிடத்தில் லினலூல் ரத்தத்தில் தென்பட்டது. 19 நிமிடமளவில் உச்சிக்கு வந்தது. சில மணி நேரத்துக்குள் வெளியேறியும்விட்டது. போகிறது என்பது உறுதி. அந்தச் சிறு அளவு என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி.

எண்ணெயைவிடக் கையைப் பற்றிய செய்தி தெளிவானது. முடி வளரும் தோலில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடும்போதுதான் அவை மிக அதிகமாகத் தூண்டப்படுகின்றன. வேகமாகத் தேய்த்தாலும் அசையாமல் அழுத்தினாலும் அவ்வளவாக எழுவதில்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-ல் காட்டிய இன்னொன்று: இந்த இழைகள் எந்த வேகத்தில் அதிகம் பேசுகின்றனவோ, அந்த வேகத்தைத்தான் மக்கள் இதமானதாகவும் சொல்கிறார்கள். பேரனுக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டியின் கை அளந்து வைத்தது போல இந்த வேகத்தில்தான் போகும்.

நல்லெண்ணெய்க்கும் சான்று உண்டு. 2000-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், ஆறு வாரக் குழந்தைகள் 125 பேரைப் பிரித்து நான்கு வாரம் வெவ்வேறு எண்ணெய்களால் தேய்த்துவிட்டார்கள். தேய்த்த பின் குழந்தைகள் நன்றாகத் தூங்கினார்கள். வளர்ச்சி அளவுகளில் நல்லெண்ணெய்க் குழு முன்னால் நின்றது.

மணமும் கையும் சேர்ந்தால் நோயாளிக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தின் 2007 ஆய்வு. பதற்றமோ மனச்சோர்வோ இருந்த 288 புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்போடு நறுமண எண்ணெய்த் தேய்ப்பும் கொடுத்தார்கள். ஆறாவது வாரத்தில் தேய்த்துக்கொண்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு நிலைமை தேறியிருந்தது. மற்ற பிரிவில் 46 சதவீதம். பத்தாவது வாரத்தில் மருத்துவ அளவுகோலில் அந்த வேறுபாடு மறைந்தது. பதற்றம் குறைந்திருப்பதாக நோயாளிகள் மட்டும் அப்போதும் சொன்னார்கள். பயன் இருக்கிறது, அது குறுகிய காலப் பயன். கீமோதெரபிக்கு நடுவில் நிம்மதியாக ஒரு மாதம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கட்டியைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட சோதனை இன்னும் கறாரானது. 56 பேர், எலுமிச்சை, லாவெண்டர், மணமற்ற நீர். எலுமிச்சை வாசம் மனநிலையை உயர்த்தியது. புண் ஆறும் வேகம், நோய் எதிர்ப்பாற்றல், வலி தாங்கும் திறன் எதிலும் எந்த மணமும் மாற்றம் தரவில்லை. குப்பியின் மேல் அச்சிட்ட பட்டியலில் 'மனநிலை' என்ற சொல் நிற்கலாம். 'நோய் எதிர்ப்பாற்றல்' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும்.

குழந்தை இருக்கும் வீட்டில்

இயற்கை என்பதால் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையில் மிகப் பெரிய ஆபத்து. கொடைக்கானல் போய்வரும் எல்லோர் பையிலும் ஒரு யூகலிப்டஸ் தைலக் குப்பி இருக்கும். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவுவதும் சாதாரணம். யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தை சில மில்லி குடித்துவிட்டாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். கற்பூரமும் அப்படித்தான். இந்த இரண்டும் கலந்த தைலம், களிம்பு, ஆவி பிடித்தல் ஆகியவற்றைத் தொடர்ந்து வலிப்பு வந்த பெரியவர்களையும் குழந்தைகளையும் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. கைக்குழந்தைகளுக்குக் கற்பூரம் வேண்டவே வேண்டாம். குப்பி அலமாரியின் மேல்தட்டில், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.

மல்லிகை அப்சல்யூட் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால்தான் வாசனைத் தொழிலே அதற்குப் பயன்பாட்டு வரம்பு வைத்திருக்கிறது. நேராகத் தோலில் ஊற்றக்கூடாது. 30 மில்லி நல்லெண்ணெய்க்கு ஆறு சொட்டு என்றால் ஏறக்குறைய ஒரு சதவீதம். பெரியவர்களுக்கு அது போதும். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். எந்த மண எண்ணெயையும் உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது. ஹெக்சேனால் எடுத்த எண்ணெய் என்றால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மொட்டுப்புழுவுக்காக அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் கொழுப்பில் கரைபவை பூவில் தங்கியிருந்தால், மணத்தோடு சேர்ந்து அவையும் குப்பிக்கு வந்துவிடும்.

நிலக்கோட்டைக்கு என்ன மிச்சம்

அரசே ஒரு சென்ட் தொழிற்சாலை தொடங்க வேண்டும் என்பது நிலக்கோட்டை வட்டாரப் பூ விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. தேர்தல்தோறும் அது மேடையேறும். விலை சரியும் நாட்களில் கிலோவுக்கு ஒரு குறைந்தபட்ச விலை நிற்க வேண்டும் என்ற நியாயமான கவலை அதன் பின்னால் இருக்கிறது. கரைப்பானும் வெற்றிடக் கலனும் கொண்ட ஆலை பெரிய முதலீடு. அதில் எடுக்கும் கான்க்ரீட்டின் விலையை வெளிநாட்டு வாசனை நிறுவனங்கள்தான் நிர்ணயிக்கின்றன.

அதற்குப் பக்கத்திலேயே சிறிய அளவில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அவிழ்ந்த பூவை எள்ளோடு இரவுதோறும் அடுக்கி, செக்கில் ஆட்டி எடுக்கும் மணமேறிய நல்லெண்ணெய். இதற்கு ஹெக்சேன் தேவையில்லை. மணம் மெல்லியதாக இருக்கும். ஜப்பானிய ஆய்வு அமைதியைக் கண்டதும் மெல்லிய மணத்தில்தான். தேய்ப்பதற்கு வேறு எண்ணெயில் கரைக்க வேண்டிய வேலையும் மிச்சம். சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தில் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரித்து வருகிறது. பக்கத்திலேயே காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தைலம் செய்யத் தெரிந்த கையும் ஆராய்ச்சி செய்யத் தெரிந்த கையும் ஒரே ஊரில் இருக்கின்றன.

வேலூர் மருத்துவர்கள் காட்டிய வழியில் சோதனையும் நடத்தலாம். தூக்கம் வராத முதியவர்களை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வெறும் நல்லெண்ணெய், ஒரு குழுவுக்கு மல்லிகை ஏறிய நல்லெண்ணெய், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். தேய்ப்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், தூங்கிய மணிநேரம் மூன்றையும் ஆறு வாரம் குறித்துவந்தால் கையின் பங்கு எவ்வளவு, மணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். பூவைச் சித்திரையில் வாங்கி எண்ணெயாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தை மாத விலையில் இந்தச் சோதனைக்கும் கட்டுப்படியாகாது, இந்த எண்ணெய்க்கும் கட்டுப்படியாகாது.